கொம்பையாவின் அம்பேல்

கொம்பையா கீழே விழாமல் போனது சந்தை கூடும் செவ்வாய்க்கிழமை என்பதால், வெள்ளூரணியில் அதைப் பார்க்காதவர் என்று யாரும் இல்லை. கருவாடு விற்றவர்கள் பார்த்தார்கள், வாங்கியவர்கள் பார்த்தார்கள், தூத்துக்குடி பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள், சவரக் கடையில் முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்த வி.ஏ.ஓ. எழுந்து வந்து பார்த்தார், பையன் ஏதோ கம்பியில் மாட்டியிருக்கிறான் என்று சொல்லிவிட்டு மற்றக் கன்னத்தைக் கொடுக்கத் திரும்பப் போனார். கம்பி எதுவும் இல்லை. கட்டி முடிக்காமல் விட்ட மேம்பாலத்தின் நுனிக்கு அப்பால், ஓர் ஆள் கையை நீட்டினால் எட்டாத தூரத்தில், பஜாருக்கு மேலே பனை உயரத்தில், காலடியில் சக்கரம் வைத்த பலகையோடு, முன்பக்கம் சாய்ந்த வாக்கில், இரண்டு கைகளையும் தூக்கியபடி பத்து வயதுப் பையன் ஒருவன் காற்றில் நின்றுகொண்டிருந்தான்.

அவனுடைய அக்கா இசக்கி அப்போது பாலத்தின் மேலே, அவனுக்குக் கொஞ்சம் பின்னால், தன்னுடைய பலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள். நடந்ததை முழுக்கப் பார்த்தவள் அவள்தான். அவளுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. தம்பி அம்பேல் சொன்னான். விளையாட்டின் நடுவில் ஒருவன் அம்பேல் சொல்லிவிட்டால், காலில் முள் குத்தியதோ, மூச்சு வாங்குகிறதோ, ஒன்றுக்கு வருகிறதோ, காரணம் எதுவானாலும், அவனே கலைக்கும்வரை அவனைத் தொடக் கூடாது. ஆகவே தரை அவனைத் தொடவில்லை.

அந்தப் பாலம் சுடுகாட்டுப் பக்கம் ஏறி, ஓடைக்கு மேலே முதுகை வளைத்து, பஜாரை நோக்கி இறங்கத் தொடங்கிய இடத்தில் ஒரு நில வழக்கினால் நின்றுபோனது. அது நின்ற பிறகு பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். பெரியவர்களுக்கு உதவாத அந்தப் பாலம் காலனிப் பிள்ளைகளுக்கு உதவியது. லாரி பட்டறையில் எறிந்த பேரிங்குகளைப் பொறுக்கி, மீன்பெட்டிப் பலகையின் அடியில் கோத்து, அதன்மேல் நின்று முதுகிலிருந்து நுனிவரை சறுக்கி வருவார்கள், நுனியில் வைத்திருந்த தார் டிரம்களைத் தொட்டுத் திரும்புவார்கள். கொம்பையாவுக்கு மட்டும் உண்மையான ஸ்கேட் போர்டு இருந்தது. அவன் அம்மா வேலம்மாள் பேப்பர் மில்லில் வெளிநாட்டுக் குப்பை பிரிக்கிறவள். கப்பலில் வந்த பழைய காகிதக் கட்டு ஒன்றை அவிழ்த்தபோது அது உள்ளேயிருந்து வழுக்கி வந்து அவள் காலடியில் நின்றது. அப்பா லாரியோடு போனவர். லாரி மட்டும் திரும்பி வந்தது. அதனால் அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வந்த ஒரே நல்ல பொருள் அந்தப் பலகைதான், அது மற்றப் பலகைகளைப் போல் கரகரவென்று கத்தாமல், எண்ணெய் ஊற்றியது போல் ஓடியது.

அதைத்தான் நவநீதன் கேட்டான். நவநீதனுக்குப் பதினைந்து வயது, மீசை கோடு போட்டிருந்தது, அப்பா சண்முகவேல் அந்தப் பாலத்தை எடுத்துக் கட்டிய காண்டிராக்டர். 'எங்கப்பா கட்டுன பாலம்' என்பது அவன் பேச்சின் முதல் வரி. பாலத்தில் சறுக்க வேண்டுமானால் அவன் பலகையை மேட்டுவரை சுமக்க வேண்டும், அவன் துப்பச் சொன்ன இடத்தில் துப்ப வேண்டும், அவன் கூட்டாளிகள் செல்டனும் கட்டையனும் மண்டையில் குட்டினால் சிரிக்க வேண்டும். சிரிக்காத பொன்சிங் என்ற ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு முன்பல் போயிற்று. விழ வேண்டிய பல்தானே என்று அவன் வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பலகைமேல் துரத்திப் பிடிக்கிற ஆட்டம். நவநீதன்தான் துரத்துகிறவன். உள்ளங்கையால் முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் ஆள் அவுட். கொம்பையாவை அவன் நுனிவரை துரத்தி வந்தான், தார் டிரம்களைக் காலையிலேயே செல்டனும் கட்டையனும் உருட்டி ஓரம்கட்டியிருந்தார்கள்.

"ஏல கொம்பா, பலகையத் தாரியா, பறக்கியா?"

"தரமாட்டேன். அது எங்கம்மைக்கு வந்தது."

"அப்பப் பற."

ஒரு கையால் தட்ட வேண்டியதை நவநீதன் இரண்டு கைகளால் தள்ளினான். பலகை நுனியைத் தாண்டியது, கொம்பையா இரண்டு கைகளையும் தூக்கி, சந்தை முழுக்கக் கேட்கும்படி, "அம்பேல்!" என்று கத்தினான், நின்றான்.

"அவனே விழுந்தாம்ல" என்றான் நவநீதன், உடனே, யாரும் கேட்பதற்கு முன்பே. "நான் தொடவே இல்ல."

"விழல" என்றாள் இசக்கி. "நிக்கான்."

தீயணைப்பு வண்டி வந்தது. கயிறு போட்டு இழுத்ததில் சட்டை கிழிந்ததே தவிரப் பையன் அசையவில்லை. கிரேன் வந்து, பட்டையை இடுப்பில் சுற்றித் தூக்கியபோது கிரேனின் பின்சக்கரம்தான் எழும்பியது. சுவரில் அடித்த ஆணியைப் போல அவன் காற்றில் அடிக்கப்பட்டிருந்தான், நின்ற இடத்திலேயே திரும்ப மட்டும் முடிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஒலிபெருக்கியை வாங்கி, "தம்பி, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "தண்ணி" என்றான் கொம்பையா. வேலம்மாள் முருங்கைக்காய் பறிக்கும் துறட்டியின் நுனியில் தூக்குவாளியை மாட்டி, பாலத்தின் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு நீட்டினாள். அன்று முதல் அப்படித்தான் சாப்பாடு போயிற்று.

ஊர் முதலில் பயந்தது, அப்புறம் கும்பிட்டது, அப்புறம் பழகிக்கொண்டது, இந்த மூன்றும் நடக்க ஒரு மாதம் ஆகவில்லை. டீக்கடைச் செல்லப்பா, மேலேயிருந்து சொட்டக்கூடியதை உத்தேசித்து அடுப்பைக் கொஞ்சம் கிழக்கே நகர்த்திப் போட்டார், கூட்டம் கூடியதால் பெஞ்சுகளையும் கூட்டினார். பஸ் கண்டக்டர்கள் பஜார் ஸ்டாப் என்று சொல்வதை விட்டு, "தொங்குறான் ஸ்டாப்லாம் எறங்கு" என்றார்கள். சோறு உண்ணாத குழந்தைகளைத் தூக்கி வந்து அவனைக் காட்டினார்கள், கல்யாணமாகாத பெண்கள் பாலத்துக் கம்பியில் மஞ்சள் கயிறு கட்டினார்கள், ஒரு பிறந்தநாள் விழாவுக்குக் கட்சிக்காரர்கள் அவன் இடுப்பைச் சுற்றிச் சீரியல் பல்பு போட்டார்கள், பிறந்தநாள் முடிந்த பிறகும் கழற்ற வரவில்லை, பல்பு எரியாத நாட்களில் அவன் காலில் மஞ்சள் நீராட்டு விழா பேனரின் ஒரு முனையைக் கட்டினார்கள். காலை பஸ்ஸுக்கு நிற்கும் கணக்கு வாத்தியார் அண்ணாந்து பார்த்து, "பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுடே" என்பார், அவன் சொல்வான், பஸ் வந்ததும் பாதியில் விட்டுப் போவார். மழைக்கு உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டான், வெயிலுக்கும் அதையே போட்டுக்கொண்டான். தூங்குவதும் நின்றுகொண்டுதான். வேலம்மாளிடம் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள்: "எங்கயும் போயிரலையே, கண்ணெதிர்ல தானே நிக்கான், எத்தன புள்ளைய மெட்ராசு போயி மொகத்தையே காட்டுறதில்ல." பிறகு ஊர் தலையை நிமிர்த்துவதை நிறுத்திவிட்டது. வெளியூர்க்காரர் யாராவது கழுத்தை வளைத்து வாயைப் பிளந்தால்தான், ஆமாம், அங்கே ஒரு பையன் இருக்கிறான் என்று அவர்களுக்கும் ஞாபகம் வந்தது.

நவநீதனுக்கு மட்டும் மறக்கவில்லை. அம்பேல் சொன்னவனைத் தொடக் கூடாது என்பது அவனுக்கும் சட்டம்தான். அவன் அந்தச் சட்டத்தைச் சுற்றி வந்து பார்த்து, அதில் ஒரு சந்து கண்டுபிடித்தான்.

"தொடத்தான் கூடாது. கல்லு எறியக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் பாலத்தில் அதுதான் விளையாட்டு. கல் பட்டால் எறிந்தவன் சறுக்கலாம், படாவிட்டால் மற்றவர்களின் பலகையைச் சுமக்க வேண்டும். முதலில் செல்டனும் கட்டையனும் எறிந்தார்கள், அப்புறம் எல்லாரும் எறிந்தார்கள், பொன்சிங்கூட எறிந்தான், அவன் கல் பாதித் தூரம்தான் போகும். கொம்பையா முதல் சில நாட்கள் திட்டினான், பெயர் சொல்லித் திட்டினான், அடுத்த சில நாட்கள் அழுதான், அப்புறம் கல் வரும் திசையில் முதுகைக் காட்ட மட்டும் கற்றுக்கொண்டான். கீழே விழுகிற கல் டீக்கடைத் தார்ப்பாயில் விழுந்தால் செல்லப்பா, "ஏல, யாவாரத்தக் கெடுக்காதீங்கடே" என்று குரல் கொடுப்பார். அதற்கு மேல் அந்தப் பேச்சு போகவில்லை.

வேலம்மாளுக்கு மில்லில் சாயங்கால ஷிப்டு விழுந்த வாரத்தில் துறட்டி இசக்கியிடம் வந்தது. விளிம்புக்குப் போகும் வழியில் நவநீதன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சோறு குடுக்கணுமாட்டி? குடு. வேண்டாம்னா சொன்னேன்? ஒரு கல்லு எறிஞ்சிட்டுக் குடு."

அவள் வேண்டுமென்றே தள்ளி எறிந்தாள்.

"படல. படுத வரைக்கும் எறி. சோறு ஆறுதுல்லா."

இரண்டாவதையும் தள்ளி எறிந்தாள். கட்டையன் தூக்குவாளியைத் திறந்து மோந்து பார்த்து, "கருவாட்டுக் கொழம்புடோய்" என்றான், எச்சில் துப்புவது போல் வாயைக் குவித்தான். இசக்கி இருக்கிறதிலேயே சின்னக் கல்லாகத் தேடினாள், தேடி எடுத்ததைக் கையில் வைத்துத் தம்பியைப் பார்த்தாள், அவன் திரும்பி நின்று கணுக்காலைக் காட்டினான், அவள் எறிந்தாள், பட்டது. பையன்கள் கைதட்டினார்கள். அவள் குப்புறப் படுத்துத் துறட்டியை நீட்டினாள்.

"வலிக்கலக்கா" என்றான் கொம்பையா. "சோத்தக் குடு."

அந்த வாரம் முழுக்க அவள் தினம் ஒரு கல் எறிந்தாள். வேலம்மாளிடம் சொல்லவில்லை.

அவனை இறக்கும் வழி இசக்கிக்குத் தெரியும், எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவனே அம்பேலைக் கலைத்தால் கீழே விழுந்து சிதறுவான், அது ஆகாது. ஆனால் ஆட்டத்தில் கள்ளம் செய்தவன் ஆடுகிற எல்லார் முன்னாலும், நான் செய்தது அழுகுணி ஆட்டம், செல்லாது என்று தன் வாயால் சொல்லிவிட்டால், கள்ளத்துக்குப் பிறகு ஆட்டத்தில் நடந்தது எதுவும் கணக்கில் சேராது, அவரவர் பழைய இடத்துக்குப் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நவநீதன் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவள் இதைப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னாள்.

"யாரு தள்ளுனதுன்னு அவன் வாயால சொன்னாப் போதும் சார். தம்பி எறங்கிருவான்."

"சின்னப்புள்ள வெளாட்டுக்கெல்லாம் நான் கேசு எழுதணுமா, பாப்பா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர், கோபப்படாமல். அவர் கண்ணியமான மனிதர், அவளுக்குப் பிஸ்கட் வாங்கிக்கொடுத்து அனுப்பினார். சண்முகவேல் வீட்டுக்கும் போனாள், அவர் வாசலிலேயே பதில் சொன்னார்: "எம்மவன் அன்னைக்கு டியூசன்ல இருந்தான். ஒங்க அம்மைட்டச் சொல்லு, புள்ளைகள ரோட்ல விட்டா இப்படித்தான்."

இதற்கிடையில் நில வழக்கு முடிந்தது. பாலத்தை நீட்டலாம் என்று தீர்ப்பாயிற்று. காங்கிரீட் உத்திரங்கள் லாரியில் வந்து சுடுகாட்டோரம் படுத்தன, பஜார் முனையில் பெரிய கிரேன் வந்து கால்களை ஊன்றியது. முதல் உத்திரம் நிற்க வேண்டிய இடத்தில்தான் கொம்பையா நின்றான். இஞ்சினியர் ஒருநாள் முழுக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, இது ஒரு தடங்கலே இல்லை, உத்திரத்தின் வயிறு உள்ளே காலிதான், பையனை உள்ளே வைத்துச் சுற்றி மூடிவிடலாம், மூச்சுக்கு ஒரு குழாய் விடலாம் என்றார். ஊர் அதைக் கேட்டு அதிர்ந்ததா என்றால் இல்லை. ஊருக்கு அது ஏற்கெனவே தெரிந்தது போல இருந்தது. இத்தனை வருசம் பாலம் நின்றதற்குக் காரணம் வழக்கு அல்ல, பாலம் ஓர் உயிர் கேட்டது, அது தானாகவே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துப் பிடித்து வைத்திருக்கிறது, கொடுக்காமல் விட்டால் நாளைக்கு ஒரு பஸ்ஸையே எடுக்கும் என்று செல்லப்பா கடையில் பேசினார்கள், பேசியவர்களே தேங்காய் வாங்கி வந்தார்கள்.

சண்முகவேல் வேலம்மாள் வீட்டுக்கு வந்து, தானே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, சாகப்போறதில்லயே அவன். மூச்சுக்குக் கொழாய் இருக்கு. வெயில் கெடையாது, மழ கெடையாது, எவனும் கல்லெறிய முடியாது. பாலத்துக்கு அவன் பேரையே வைக்கச் சொல்லுதேன்."

"சோறு?" என்றாள் வேலம்மாள்.

அவருக்கு அது யோசிக்காத கேள்வி. "கொழாயப் பெரிசா விடச் சொல்லுதேன்" என்றார்.

 அவர் போன பிறகு வேலம்மாள் துறட்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனாள், விளிம்பில் படுத்துக்கொண்டு மகனை வெகுநேரம் பார்த்தாள், அவன் என்னம்மா என்றான், ஒன்றுமில்லை என்றாள். வெள்ளிக்கிழமை காலை உத்திரம் தூக்குவதாக இருந்தது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் இசக்கி காலனிப் பிள்ளைகளை லாரி பட்டறைக்குப் பின்னால் கூட்டினாள். தம்பி பாவம் என்று அவள் சொல்லவில்லை. கல் எறிந்து பழகியவர்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது என்று, தானும் எறிந்தவளானதால், அவளுக்குத் தெரியும்.

"கொம்பன் அம்பேல இன்னும் கலைக்கல. அப்ப ஆட்டம் முடிஞ்சிதா?"

முடியவில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

"முடியாத ஆட்டத்துல துரத்துறவன் யாரு?"

"நவநீதண்ணன்."

"நாளைக்கு அவன உள்ள வச்சுப் பூசிட்டா ஆட்டம் எப்ப முடியும்?"

பிள்ளைகள் யோசித்தார்கள். பெரியவர்கள் யாருக்கும் தோன்றாத பயங்கரம் அப்போதுதான் அவர்களுக்குத் தோன்றியது. ஆட்டம் முடியவே முடியாது. அவர்கள் வளர்ந்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்றாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்குள்தான் இருப்பார்கள், நவநீதன் எந்நேரமும் பின்னால் வந்து முதுகில் தட்டலாம். இத்தனை மாதங்களாக எந்தப் புது விளையாட்டும் சண்டையில் முடிந்ததற்குக் காரணம் அதுதான் என்று ஒருவன் சொன்னான்.

"கல்லு கொண்டுவரணுமா?" என்றான் பொன்சிங்.

 "கொண்டுவா" என்றாள் இசக்கி.

வெள்ளிக்கிழமை காலை கீழே கிரேனுக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்கள். நவநீதனும் செல்டனும் கட்டையனும் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று பாலத்து நுனிக்கு வந்திருந்தார்கள். நவநீதன் நல்ல சட்டை போட்டிருந்தான். முதலில் அவர்களுக்குச் சத்தம் கேட்டது. மேட்டின் முதுகிலிருந்து காலனியின் எல்லாப் பலகைகளும் ஒன்றாக இறங்கின, பேரிங்குகள் சிமெண்டைக் கரகரவென்று அரைக்க, அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வந்தார்கள், நடுவில் இசக்கி. பத்தடி தூரத்தில் காலை ஊன்றி நின்றார்கள்.

"என்னட்டி, பட்டாளத்தக் கூட்டிட்டு வந்துருக்க?" நவநீதன் சிரித்தான். "எங்கப்பா கட்டுன பாலம். எறங்குங்கல."

"அழுகுணின்னு சொல்லு" என்றாள் இசக்கி.

"சொல்லாட்டா?"

பொன்சிங் முதல் கல்லை எறிந்தான். வழக்கம்போல் அது பாதியில் விழுந்தது. ஆனால் இரண்டாவது கல் யாருடையது என்று தெரியவில்லை, நல்ல சட்டையில் பட்டது, மூன்றாவது நெற்றியில் பட்டது. செல்டன் சத்தமில்லாமல் ஓரமாக நழுவி, பிள்ளைகளின் வரிசையில் ஒரு இடைவெளி பார்த்து அதில் சேர்ந்துகொண்டான். கட்டையன் ஓடினான். வரிசை ஒரு கால் தள்ளி முன்னே வந்தது, நின்றது, மறுபடி ஒரு கால் தள்ளியது, நவநீதன் ஒவ்வொரு தடவையும் ஓர் எட்டுப் பின்னால் வைத்தான், வைத்து வைத்து அவன் குதிகால் விளிம்புக்கு வந்தது. ஒதுங்க இடமில்லை. கீழே மேளம் அடித்துக்கொண்டிருந்ததால் மேலே பேசியது யாருக்கும் கேட்கவில்லை. அவன் அழுதான். அவன் அழுது அவர்கள் பார்த்ததில்லை. அது அவர்களுக்குப் பிடித்திருந்தது.

"சொல்லு."

"நான்தான் தள்ளுனேன்" என்றான் நவநீதன். "ரெண்டு கையாலயும் தள்ளுனேன். அழுகுணி. செல்லாது, செல்லாது."

கொம்பையா காற்றில் இல்லை. அவன் வந்ததை யாரும் பார்க்கவில்லை. பாலத்தின் மேட்டில், அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் கிளம்பிய இடத்தில், பலகையில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றான், இடுப்பில் சீரியல் பல்பு தொங்கியது. தரையில் வைத்த காலை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தான். பிறகு நடந்தே இறங்கி வந்தான், பிள்ளைகள் வழிவிட்டார்கள், அக்காவின் பக்கத்தில் வந்து நின்றான். கிழிந்த சட்டைக்குள் அவன் முதுகில் பழைய தழும்பு எது, அதன் மேல் விழுந்த புதியது எது என்று பிரிக்க முடியாமல் இருந்தது. கணுக்காலில் இருந்தவை மட்டும் சின்னவை. அவற்றை இசக்கிக்கு அடையாளம் தெரிந்தது.

வேலை முடிந்துவிட்டது. பிள்ளைகளின் கையில் கல் மிச்சம் இருந்தது.

வரிசை மறுபடி ஒரு கால் தள்ளியது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நவநீதன் குதிகால் விளிம்புக்கு வெளியே போனதை உணர்ந்து, இரண்டு கைகளையும் தூக்கி, "அம்பேல்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது, எல்லாரும் நின்றார்கள், நின்று இசக்கியைப் பார்த்தார்கள். அன்றைக்கு ஆட்டம் அவளுடையது. சரி என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அக்கா" என்றான் பொன்சிங், "அம்பேல்ங்கான்."

இசக்கி தம்பியின் கணுக்காலைப் பார்த்துக்கொண்டே, "கெடையாது" என்றாள்.

எந்தப் பலகையின் மூக்கு முதலில் நகர்ந்தது என்பதை யாராலும் பிறகு சொல்ல முடியவில்லை. நவநீதன் நிற்கவில்லை. எல்லாப் பொருள்களும் விழுவது போல விழுந்தான், செல்லப்பாவின் தார்ப்பாயைக் கிழித்து, பெஞ்சின் மேல் விழுந்து, இரண்டு கால்களும் ஒடிந்து பிழைத்தான். சப்-இன்ஸ்பெக்டர் மேலே ஏறி வந்து விசாரித்தபோது, அவனே விழுந்தான் என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள், செல்டனும் சொன்னான். சண்முகவேல் மகனோடு ஆம்புலன்ஸில் ஏறிப் போனார். இஞ்சினியர் அண்ணாந்து பார்த்தார், இடம் காலியாக இருந்தது, நல்ல நேரம் முடிவதற்குள் உத்திரத்தைத் தூக்கி வைத்துவிட்டார்கள்.

ஊர் இதையும் தின்று செரித்தது. பாலம் உயிரைக் கேட்டதாகவும் இரண்டு காலோடு திருப்தியடைந்ததாகவும் சொல்லிக்கொண்டார்கள். செல்லப்பா அடுப்பைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார். கொம்பையா கடையில் வந்து வடை தின்றபோது சிலருக்கு மனசு சங்கடப்பட்டது; மஞ்சள் கயிறு கட்டிக் கும்பிட்ட பையன் எல்லாரையும் போல எண்ணெய்க் கையை டவுசரில் துடைத்துக்கொள்வதை அவர்களால் பார்க்க முடியவில்லை, அவனை மன்னிக்கவும் முடியவில்லை. வேலம்மாள் மட்டும் அவனைக் கீழே உட்காரவைத்துச் சோறு போட்டாள், கை எட்டும் தூரத்தில்.

பாலம் திறந்து பஸ்கள் ஓடத் தொடங்கிய பிறகு, பிள்ளைகள் பழையபடி தெருவில் விளையாடினார்கள். ஒரு சாயங்காலம் இசக்கியும் கொம்பையாவும் ரேஷன் அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, காலனி முனையில் துரத்திப் பிடிக்கிற ஆட்டம் நடந்தது. ஐந்து வயதுகூட ஆகாத ஒரு பெண்பிள்ளை, காலில் முள் ஏறி, ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே இரண்டு கைகளையும் தூக்கி, "அம்பேல், அம்பேல்" என்று கத்தியது. பின்னால் துரத்தி வந்த பொன்சிங்குக்கு முன்பல் முளைத்திருந்தது. அவன் நிற்கவில்லை, உள்ளங்கையால் அதன் முதுகில் ஓங்கித் தட்டினான். குழந்தை குப்புற விழுந்து எழுந்தது, மறுபடி கையைத் தூக்கியது, மறுபடி தட்டு விழுந்தது. அவர்களில் யாரும் கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு நிற்க வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்கு இல்லாமல் போயிருந்தது. குழந்தை இசக்கியை நிமிர்ந்து பார்த்தது, பெரிய பிள்ளை சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தது போல. இசக்கி அரிசிப் பையைக் கீழே வைத்து வாயைத் திறந்தாள். என்ன சொல்லி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்கென்று அந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு சொல்தான்.

கொம்பையா குனிந்து குழந்தையின் காலிலிருந்து முள்ளைப் பிடுங்கி எறிந்தான்.

"ஓடு புள்ள" என்றான். "நிக்காத."